கறுப்பு வைரப் பாதைகள்: ஃபீனிக்ஸ் மலைகளில் ஏப்ரல் கடைசி வாரம்

சனிக்கிழமை இரவு

அக்கா வீடு சாண்ட்லரில் இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்தின் தென்கிழக்குப் புறநகர். சிப் தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. அத்தானும் அப்படி வந்தவர்தான். வார நாளெல்லாம் தொழிற்சாலை, லீவு நாளெல்லாம் மலை என்று இருப்பவர். இந்தத் தடவை அவரோடு நடப்பதற்காகவே வந்திருக்கிறேன். அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதிப் போடுகிறேன்.

சாயங்காலம் கால் பழகட்டும் என்று பபாகோ பூங்காவுக்குப் போனோம். சிவப்புப் பாறைக் குன்று. உச்சியில் காற்றும் மழையும் அரித்த பெரிய ஓட்டை. 'ஹோல் இன் தி ராக்' என்றே அதற்குப் பெயர். கார் நிறுத்தும் இடத்திலிருந்து பத்து நிமிஷ ஏற்றம். பழங்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஹோஹோகம் மக்கள், பாறைக் கூரையின் துளை வழியே விழும் வெளிச்சம் நகர்வதைப் பார்த்துப் பருவங்களைக் கணித்திருக்கலாம் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். சிறுபிள்ளைகளும் பாட்டிமாரும் ஏறுகிற இடம்.

இந்த ஊர் மலைப்பாதைகளுக்குக் குறிகள் உண்டு. பச்சை வட்டம் என்றால் எளிது. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் மிகமிகக் கடினம். பனிச்சறுக்குச் சரிவுகளுக்கு அமெரிக்காவில் போடுகிற அதே குறிகள்தான். ஏற்றம் எவ்வளவு, தரை எப்படி, பாதை எவ்வளவு அகலம், வழியில் என்ன தடை இருக்கிறது என்று பார்த்துப் போடுகிறார்கள். பலகையை நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அத்தான் சொன்னார்: "இதுல வெயில் சேரல மாப்ளே. அதை நாமதான் கூட்டிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை

விடிவதற்கு முன்னே எழுந்து கேமல்பேக் போய்ச் சேர்ந்தோம். நகரத்தின் நடுவில் ஒட்டகம் படுத்திருக்கும் வடிவில் ஒரு மலை; கடல்மட்டத்திலிருந்து உயரம் 2,704 அடி. மேலே போக இரண்டு பாதைகள்: மேற்கே எக்கோ கேன்யன், கிழக்கே சோய்யா. இரண்டுக்கும் இரட்டைக் கறுப்பு வைரம். சோய்யா பாதையை 2020-ல் மூடி, சீரமைத்து, 2022 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். நாங்கள் எடுத்தது எக்கோ கேன்யன்.

தூரத்தைக் கேட்டால் யாருக்கும் பயம் வராது. ஒரு வழி சுமார் 1.2 மைல், அதாவது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் அதற்குள் ஏற்றம் 1,280 அடி. முதல் வளைவு தாண்டியதும் பாதை பாறையாகிவிடுகிறது. செங்குத்தான வெற்றுப் பாறையில் இரும்புக் கைப்பிடி நட்டிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அந்தக் கம்பி உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. எத்தனையோ ஆயிரம் கைகள் பிடித்துப் பிடித்து மேல்பக்கம் வெள்ளி நிறத்துக்கு வந்துவிட்டது. அதைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு மேலே போக வேண்டும். அது முடிந்ததும் ஆளுயரப் பாறைகளின் குவியல். அங்கே கம்பியும் கிடையாது. கை வைக்கும் இடத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பாறை இடுக்கில் பாம்பு இருக்கலாம்.

ஒட்டகத்தின் தலை சிவப்பான படிவுப் பாறை. திமில் கிரானைட், வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அந்தக் கிரானைட் பொடிந்து உருண்டையான சரளையாகப் பாதையில் கிடக்கிறது. தரையில் கேழ்வரகைக் கொட்டி அதன்மேல் நடப்பது போல இருக்கும். ஏறும்போது இது தெரியாது. இறங்கும்போதுதான் கால் வழுக்கும். அதனால்தான் இங்கே பழக்கப்பட்டவர்கள் ஏற்றத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை, இறக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூட ஒரு மணி நேரம். அதன்படி கேமல்பேக் ஏற ஒரு மணி நேரம் ஆக வேண்டும். எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நல்ல கணக்குதான். ஆனால் அது குளிர்ந்த, ஈரமான ஊரில் பிறந்த கணக்கு. நிழலே இல்லாத மலைக்கு அப்படியே எடுத்துவர முடியாது.

உச்சியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் நீச்சல் குளங்களும் கோல்ஃப் புல்வெளிகளும் பச்சையாகத் தெரிந்தன. இறங்கி வரும்போது மணி எட்டரை. அதே இரும்புக் கம்பியைப் பிடித்த பெண் ஒருவர் கையை வெடுக்கென்று எடுத்தார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு நானும் தொட்டுப் பார்த்தேன். இரண்டரை மணி நேரத்தில் கம்பி சுட ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே ஏற ஆரம்பித்தது. பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள், கையில் ஆளுக்கு ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். இந்த வெயிலில் அவர்கள் ஏறப் போவது நாங்கள் விடியலில் ஏறிய பாதை அல்ல. பலகையில் குறி ஒன்றுதான், பாதை வேறு.

நகராட்சிக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது. 2021 கோடையில் மலையில் மயங்கியவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே வெயிலில் சுருண்டார்கள். அதற்கப்புறம் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் கேமல்பேக்கையும் பையெஸ்டவா சிகரத்தையும் பகலில் மூட ஆரம்பித்தார்கள். முதலில் காலை 11 முதல் மாலை 5 வரை. பிறகு காலை 9 மணிக்கே மூடுவது என்று மாற்றினார்கள். நாய்களுக்கு இதற்கு முன்னாலேயே விதி வந்துவிட்டது: 2016 முதல், வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஃபீனிக்ஸ் மலைப்பாதைகளில் நாய் கூடாது. மூடுவது மக்களின் சுதந்திரத்தில் கை வைப்பது என்று வாதாடுபவர்கள் இங்கே உண்டு. எனக்கு அந்த வாதம் சரியாகப் படவில்லை. விழுந்தவரைத் தூக்கி வர ஆறேழு பேர் அதே வெயிலில் ஏற வேண்டியிருக்கிறதே.

திங்கட்கிழமை

தொடை கனக்கிறது. அத்தான் வேலைக்குப் போய்விட்டார். காலையில் பாலைவனத் தாவரப் பூங்காவில் ஒரு சுற்று; 1939-ல் தொடங்கியது. சவாரோ கள்ளியின் பூவை இங்கேதான் பக்கத்தில் பார்த்தேன். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கொத்து. ராத்திரி மலர்ந்து அடுத்த நாள் பிற்பகலுக்குள் மூடிவிடும். இந்தக் கள்ளிக்குக் கை முளைக்கவே 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும். அதாவது பாதை ஓரத்தில் கை விரித்து நிற்கிற சவாரோ எதுவும் என் அப்பாவின் வயதுக்குக் குறையாது. நாளை அக்காவோடு நடை.

செவ்வாய்க்கிழமை

ஸ்காட்ஸ்டேல் நகரத்தின் மெக்டவல் சோனோரன் காப்பகம். 30,000 ஏக்கருக்கு மேல் பரந்த மலையும் பாலையும். 1995-ல் ஊர் மக்களே ஓட்டுப் போட்டு, தங்கள்மீது கூடுதல் விற்பனை வரி விதித்துக்கொண்டு, வீட்டு மனைகளாகப் போக இருந்த நிலத்தை வாங்கத் தொடங்கினார்கள். இதை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

கேட்வே லூப் என்ற சுற்றுப்பாதை, நாலரை மைல். நடுத்தரம். அகலமான மண்பாதை, கைப்பிடியும் வேண்டாம், பாறையும் தாவ வேண்டாம். பாலோ வெர்டே மரமெல்லாம் மஞ்சள் பூவாகக் கொட்டிக் கிடந்தது. அந்த மரத்துக்குப் பட்டையே பச்சை. இலையை உதிர்த்துவிட்டாலும் பட்டையால் உணவு தயாரித்துக்கொள்ளும். அதன் நிழலில்தான் சவாரோ கன்றுகள் வளர்கின்றன. பத்து வயதுக் கன்று விரல் நீளம்கூட இருக்காது. ஒக்கோட்டியோ என்ற முள் குச்சிச் செடி நுனியில் மட்டும் சிவப்புப் பூ வைத்திருந்தது.

பாதி வழியில் அக்கா "ஐயோ" என்று நின்றாள். சோய்யா கள்ளியின் ஒரு கணு அவள் ஷூவில் ஒட்டியிருந்தது. பார்க்கப் பஞ்சுப்பொதி மாதிரி தெரிந்தாலும் அத்தனையும் முள். ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத பின்வளைவுச் செதில் உண்டு. நுழைவது சுலபம், வெளியே வராது. கையால் பிடுங்கினால் அடுத்து கையில் ஏறும். அக்கா பையிலிருந்து சாதாரணத் தலைவாரும் சீப்பை எடுத்தாள். கணுவுக்கும் ஷூவுக்கும் நடுவில் சீப்பின் பற்களை நுழைத்து, தன்னிடமிருந்து வெளிப்பக்கமாக ஒரே தெறி. கணு புதரில் போய் விழுந்தது. மீதி இரண்டு முள்ளை இடுக்கியால் எடுத்தோம். இங்கே நடக்க வருகிறவர்கள் பையில் சீப்பும் இடுக்கியும் வைத்திருப்பது முதலுதவிக்காகத்தான்.

ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குத் திரும்பிவிட்டோம். இந்த மூன்று மணி நேரத்தில் என் சட்டை நனையவே இல்லை. புறங்கையில் மட்டும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. வியர்க்கவில்லையே என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் ஆபத்து. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆகாது, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். அக்கா உப்புப் போட்ட மோரும், எலுமிச்சைச் சாதமும், மாவடுவும் கொண்டுவந்திருந்தாள். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் வண்ண பானத்தைவிட இது எனக்கு ஒத்துப்போகிறது.

புதன்கிழமை

வேலை முடிந்து வந்த அத்தானோடு பையெஸ்டவா சிகரம். 2,608 அடி. ஹோப்பி இனத்தைச் சேர்ந்த ராணுவ வீராங்கனை லோரி பையெஸ்டவாவின் பெயர். 2003-ல் ஈராக்கில் உயிரிழந்தவர். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிப் போரில் இறந்த முதல் பூர்வகுடிப் பெண். அதற்கு முன் இந்த மலைக்கு இருந்த பெயர் பூர்வகுடிப் பெண்களை இழிவுபடுத்தும் சொல். மாற்றியது மிக நல்ல காரியம்.

பாதை முழுக்கக் கல் படிகள், ஒரு சீராக இல்லாத படிகள். சாயங்காலம் வெயில் தணிந்துவிடும் என்று நாம் நினைப்போம். வெயில் தணிந்தாலும் பாறை தணிவதில்லை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ஏழு மணிக்கும் முகத்தில் விடுகிறது. பாதி உயரத்தில் திரும்பிவிட்டோம், இருட்டில் அந்தப் படிகளில் இறங்க விருப்பமில்லை. விடியற்காலைதான் இந்த மலைகளுக்கு நேரம்.

நம் இலக்கணத்தில் பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் காய்ந்தால் அதுவே பாலை. அதற்குரிய சிறுபொழுது நண்பகல். இறங்கும்போது இதைத்தான் அத்தானிடம் சொன்னேன். இடத்தோடு காலத்தையும் சேர்த்துத்தான் நம்மவர்கள் நிலத்தை வகுத்தார்கள். பாதைப் பலகைக்காரர்கள் இடத்தை மட்டும் அளக்கிறார்கள். "அப்போ பலகையில ஒரு கடிகாரமும் மாட்டணும்ங்கிறே" என்றார்.

வியாழன், வெள்ளி

நடை இல்லை. தென்காசியிலிருந்து அத்தை, அத்தானின் அம்மா, வந்து இறங்கியிருக்கிறார்கள். வீடு முழுக்க முறுக்கும் அல்வாவும். சனிக்கிழமைக்காகத் தண்ணீர்ப் பைகளைக் கழுவி, பாதியை உறைவிக்க வைத்தோம்.

சனிக்கிழமை

இந்த வாரத்தின் பெரிய நடை இதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கிழக்கே அப்பாச்சி ஜங்ஷன் தாண்டியதும் சூப்பர்ஸ்டிஷன் மலை சமவெளியிலிருந்து சுவராக எழுந்து நிற்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. அடிவாரத்தில் லாஸ்ட் டச்மேன் மாநிலப் பூங்கா. 1891-ல் இறந்த ஜேக்கப் வால்ட்ஸ் என்ற ஜெர்மானியர் இந்த மலைக்குள் ஒரு தங்கச் சுரங்கத்தின் ரகசியத்தை வைத்திருந்தார் என்று கதை. அந்தக் கதையை நம்பிக் கோடையில் உள்ளே போய்த் திரும்பாதவர்கள் உண்டு. 2010 ஜூலையில் யூட்டாவிலிருந்து வந்த மூன்று பேர் அப்படித்தான் மாண்டார்கள்.

நாங்கள் போனது மலையின் முன்பக்கத்தில் தேய்ப்புப் பெட்டி வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட்அயர்ன் மேடைக்கு. சைஃபன் டிரா என்ற பள்ளம் வழியாக ஏற வேண்டும். போக வர சுமார் 6 மைல். ஏற்றம் 2,700 அடிக்கு மேல். நெய்ஸ்மித் கணக்குப்படி ஏறவே கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம்.

வெளிச்சம் வந்ததும் தொடங்கினோம். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். முதல் இரண்டு மைலில் ஆயிரம் அடி ஏறுகிறோம். கடைசியில் வழுவழுப்பான பாறைத் தொட்டி ஒன்று வருகிறது. மழை வெள்ளம் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது. 'பேசின்' என்கிறார்கள். பராமரிக்கப்படும் பாதை இங்கே முடிகிறது. அதற்கு மேல் பாதை என்று எதுவும் இல்லை. மீதி 1,700 அடியையும் ஏறத்தாழ ஒரு மைலுக்குள் ஏற வேண்டும். முன்னால் போனவர்களின் தடத்தையும் பாறையின் தேய்மானத்தையும் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

நிறக் குறிகளைவிட இந்த மாதிரி இடத்துக்கு இன்னொரு அளவுகோல் பொருத்தம். 1930-களில் கலிபோர்னியாவில் சியரா கிளப் வகுத்தது. ஒன்றாம் வகுப்பு என்றால் வெறும் நடை. இரண்டில் எப்போதாவது கை ஊன்ற வேண்டும். மூன்றில் கையில்லாமல் ஏற முடியாது. நான்கில் கயிறு இருந்தால் நல்லது. விழுந்தால் பிழைப்பது கஷ்டம். ஐந்து முழுப் பாறையேற்றம். 'எவ்வளவு மூச்சு வாங்கும்' என்று இது சொல்வதில்லை. 'கையை எங்கே வைப்பாய், விழுந்தால் என்ன ஆகும்' என்று சொல்கிறது. பேசினுக்கு மேல் பெரும்பாலும் இரண்டு, அங்கங்கே மூன்று. கேமல்பேக்கில் வியர்க்க வைத்த ஏற்றம் இங்கே இரண்டு மடங்குக்கும் மேல், அதுவும் கம்பி இல்லாமல்.

மேடைக்குச் சற்றுக் கீழே பத்தடிச் சுவர் ஒன்று குறுக்கே நிற்கிறது. அத்தான் முதலில் ஏறினார். இடது கைக்கு ஒரு விரிசல், வலது காலுக்கு நாலு விரல் அகலத்தில் ஒரு விளிம்பு, பிறகு பக்கத்து மரத்தின் வேர். "மூணு புள்ளி எப்பவும் பாறைல இருக்கணும் மாப்ளே. ஒரு கை ரெண்டு கால், இல்லைன்னா ரெண்டு கை ஒரு கால்." அவர் சொன்னபடி ஏறினேன். முட்டியில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மேலே நின்றால் மேற்கே ஃபீனிக்ஸ் சமவெளி முழுக்க. வடக்கே நாலு முடிகளோடு ஃபோர் பீக்ஸ். பின்னால் தூண் தூணாக நிற்கும் பாறைகள். விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் போகவில்லை. அரை மணி நேரம் சாப்பிட்டோம், தண்ணீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தோம். இங்கே நடப்பவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று: தண்ணீர் பாதி தீர்ந்தால், எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றாலும் சரி. எங்களிடம் பாதிக்கு மேலேயே இருந்தது.

இறக்கம் ஏற்றத்தைவிட மெதுவாகத்தான் போனது. பாதி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து. பேசினுக்கு வரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. அங்கே ஒரு இளம் ஜோடி, மேலே போகத் தயாராக. அவள் முகம் சிவந்திருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே பாட்டில், அதில் கால்வாசி. அத்தான் உட்காரச் சொல்லி, எங்கள் பையிலிருந்து அவர்கள் பாட்டிலை நிரப்பினார். "இந்தத் தண்ணி கீழே இறங்கறதுக்கு. மேலே ஏறறதுக்கு இல்லை" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பையன் கொஞ்சம் யோசித்தான். அந்தப் பெண் எழுந்து கீழ்ப்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நாலு பேரும் சேர்ந்தே இறங்கினோம். கார் நிறுத்தத்தில் 95 டிகிரி, அதாவது 35 செல்சியஸ். இன்னும் மே மாதமே பிறக்கவில்லை. 2023 கோடையில் இந்த ஊரில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரியைத் தொட்டது.

ஞாயிற்றுக்கிழமை

நாளைக்கு ஊர் திரும்புகிறேன். இன்று அத்தைக்காக ஒரு நடை. மறுபடி மெக்டவல் காப்பகம்; கேட்வே வாசலை ஒட்டியே பஹாடா இயற்கைப் பாதை, அரை மைல், சக்கர நாற்காலியும் போகும். முட்டிவலியோடு அத்தை நின்று நின்று நடந்தார்கள். சவாரோவில் மரங்கொத்தி குடைந்த பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தியதை ரொம்ப நேரம் கேட்டார்கள். "முள்ளுக்குள்ள எம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கு பாரு" என்றார்கள். ஏழு மணிக்கே முடித்துவிட்டோம்.

திரும்பும்போது மலையைக் காட்டி, "அதுக்கு எப்பய்யா கூட்டிப் போவீக?" என்று கேட்டார்கள். உச்சிக்கு அல்ல, கேட்வே கணவாய் வரைக்கும். மெதுவாக நடந்தால் அவர்களால் முடியும், நான் பார்த்த வரையில். ஆனால் நவம்பரில்தான் முடியும். அத்தையோ அக்டோபருக்குள் கிளம்பியாக வேண்டும்.

பெற்றோரை இந்த ஊருக்கு அழைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி லீவை வைத்தோ டிக்கெட் விலையை வைத்தோ ஏப்ரல், மே மாதங்களில் வரவழைத்துவிடுகிறோம். அவர்கள் தங்குகிற ஆறு மாதமும் அப்படியே கோடைக்குள் போய்விடுகிறது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அக்டோபர் கடைசியில் வரும்படி டிக்கெட் போடுங்கள். அதே ஆறு மாதம் ஏப்ரல் வரை ஓடும். பச்சை வட்டம், நீலச் சதுரம் எல்லாமே அவர்களுக்குத் திறந்திருக்கும், பகல் பதினோரு மணிக்குக்கூட நடக்கலாம். அடுத்த தடவைக்கு அத்தான் இப்போதே தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார். தீபாவளியை ஊரில் முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அத்தை சொல்கிறார்கள்.